சிவப்பு–சியான் கண்ணாடிக்கு முப்பரிமாணப் படம் செய்வது: படமெடுப்பதிலிருந்து அச்சு வரை

அனாகிளிஃப் படம் (சிவப்பு–சியான் கண்ணாடி அணிந்து பார்க்கும் முப்பரிமாணப் படம்) செய்ய உட்காரும் பலரும் நேராக வண்ணம் கலக்கும் படிக்குப் போய்விடுகிறார்கள். அது ஒரு நிமிட வேலை. அதற்கு முன் இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரண்டு படங்களையும் ஒழுங்காக எடுப்பதும், ஒன்றோடொன்று பொருத்துவதும்தான் உண்மையான வேலை. அங்கே பிசகினால் எந்த வண்ணச் சூத்திரமும் காப்பாற்றாது. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதை நம்பி நிற்கிறது.

அடிப்படை இவ்வளவுதான். கண்ணாடியின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் சியான். சியான் என்பது பச்சையும் நீலமும் சேர்ந்த நிறம். திரையில் வரும் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற அடுக்குகளால் ஆனது; ஒவ்வொன்றும் ஒரு சேனல். சிவப்புத் தாள் வழியே திரையின் சிவப்புச் சேனல் மட்டும் இடக்கண்ணுக்குப் போகும். சியான் வழியே பச்சை, நீலச் சேனல்கள் வலக்கண்ணுக்குப் போகும். ஆகவே இடக்கண்ணுக்கான படம் சிவப்புச் சேனலிலும், வலக்கண்ணுக்கான படம் மற்ற இரண்டிலும் உட்கார வேண்டும்.

1. முதலில் கண்ணாடியையும் திரையையும் சோதியுங்கள்

ஒரு வெள்ளைப் பின்னணியில் இரண்டு சதுரங்கள் வரையுங்கள். ஒன்று முழுச் சிவப்பு (255, 0, 0), மற்றது முழுச் சியான் (0, 255, 255). எண்கள் முறையே சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவு; 0 என்றால் இல்லை, 255 என்றால் முழு அளவு. கண்ணாடி அணிந்து வலக்கண்ணை மூடுங்கள். சிவப்புச் சதுரம் வெள்ளையோடு கரைந்துபோக வேண்டும், சியான் சதுரம் கறுப்பாகத் தெரிய வேண்டும். இப்போது இடக்கண்ணை மூடுங்கள். எல்லாம் தலைகீழாக மாற வேண்டும்: சியான் கரையும், சிவப்பு கறுக்கும்.

கரைய வேண்டிய சதுரம் மங்கலாகத் தெரிந்தாலோ, கறுக்க வேண்டியது சாம்பலாக நின்றாலோ, வடிகட்டி (கண்ணாடியின் நிறத் தாள்) கசிகிறது என்று பொருள். அந்தக் கசிவுதான் பிறகு படத்தில் இரட்டை நிழலாக வந்து நிற்கும். முழுக்க ஒழிக்க முடியாது. எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

சோதிக்கும் முன் திரையின் இரவு முறை, நீல ஒளி குறைப்பு, அறை வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாற்றும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இவை நீலத்தைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்கும். வலக்கண் படம் மட்டும் இருண்டுபோகும். நல்ல படத்தைக் கெட்டதென்று நினைத்துத் திருத்த ஆரம்பித்துவிடுவோம்.

சிவப்பு–நீலக் கண்ணாடி வேறு, பச்சை–மெஜந்தா கண்ணாடி வேறு. இந்த வழிகாட்டி சிவப்பு–சியானுக்கு மட்டும். கலர் செலோஃபன் தாளில் நீங்களே கண்ணாடி செய்தால் சிவப்பை இரண்டு அடுக்காகப் போட்டுப் பாருங்கள், கசிவு குறையும். நீலச் செலோஃபன் சியானுக்கு ஈடாகாது. அது பச்சையையும் பெருமளவு தடுப்பதால் வலக்கண்ணுக்கு வெளிச்சமும் போதாது, நிறமும் தங்காது.

2. கேமராவைப் பூட்டி வையுங்கள்

இரண்டு படத்துக்கும் இடையே கேமரா தானாக எதையும் மாற்றிக்கொள்ளக் கூடாது. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் கைமுறையில் வையுங்கள். போனில் திரையை நீள அழுத்தினால் பெரும்பாலும் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை வேண்டாம். போன் தானே கணித்து உருவாக்கும் மங்கல் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் முடியாது; விளிம்புகள் பிசிறடிக்கும்.

ஒரு போனில் இரண்டு லென்ஸ் இருக்கிறதே, ஒரே நேரத்தில் இரண்டிலும் எடுக்கலாமே என்று தோன்றும். அவற்றின் கோணம் வேறு, நிறம் வேறு, இடைவெளியும் சிறியது. ஒரே லென்ஸை நகர்த்தி இரண்டு முறை எடுப்பதே வழி.

முன்னிருந்து பின்வரை கூர்மையாக இருக்கட்டும். கேமராவில் அபெர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்துக்கொள்ளலாம். சாதாரணப் படத்தில் மங்கிய முன்புறம் அழகு. இங்கே அது மூக்குக்கு முன் தொங்கும் அழுக்குத் துணி.

3. எவ்வளவு நகர்த்துவது?

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. மனிதக் கண்களின் இடைவெளி சராசரியாக 63 முதல் 65 மி.மீ. அதனால் எதை எடுத்தாலும் 65 மி.மீ. நகர்த்துகிறார்கள். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரை எடுக்க அது சரி. மேசை மீதுள்ள பூவை எடுத்தால் தலைவலிதான் மிஞ்சும்.

பிடித்துக்கொள்ள வேண்டிய விதி: படத்தில் வரும் மிக அருகான பொருளின் தூரத்தை 30ஆல் வகுங்கள். அதுதான் நகர்த்தும் தூரம்.

- அருகுப் பொருள் 30 செ.மீ. தூரத்தில்: 10 மி.மீ.
- 60 செ.மீ.: 20 மி.மீ.
- 2 மீட்டர்: 65 மி.மீ. அளவில்
- 10 மீட்டர்: 33 செ.மீ.

நீங்கள் படமெடுக்க நினைக்கும் பொருளின் தூரத்தை அளக்காதீர்கள். சட்டத்துக்குள் எட்டிப் பார்க்கும் கிளை, கீழ் ஓரத்துத் தரை, எது மிக அருகோ அதையே அளக்க வேண்டும்.

இந்த 30 என்ற எண் 35 மி.மீ. அளவிலான லென்ஸுக்கு, பின்னணி வெகுதூரம் போகும் காட்சிக்கு ஏற்றது. போனின் முதன்மை லென்ஸ் இதைவிட அகலம் (பல போன்களில் 26 மி.மீ.க்கு ஈடு). அதற்கு 22ஆல் வகுக்கலாம். அதே போனில் 2 மடங்கு ஜூம் வைத்தால் 43ஆல் வகுக்க வேண்டும். ஜூம் செய்யும்போது படத்தோடு இடவிலகலும் (இரண்டு படத்திலும் ஒரே பொருள் நிற்கும் இடங்களின் வித்தியாசம்) பெரிதாகிறது என்பதே காரணம்.

பின்னணி அருகிலேயே சுவராக முடிந்துவிட்டால் தாராளமாகலாம். அருகுப் பொருளின் தூரத்தைப்போல் இரண்டு மடங்கில் சுவர் இருந்தால், நகர்த்தும் தூரத்தையும் இரண்டு மடங்காக்கலாம். மேசையில் வைத்து எடுக்கும் சிறு பொருள்களுக்குப் பின்னால் ஒரு அட்டையை நிறுத்துவது இதற்காகத்தான்.

ஆழம் போதவில்லை என்று தூரக் காட்சிகளில் ஒரேயடியாக நகர்த்தினால் கட்டடங்கள் பொம்மை வீடுகள்போலச் சுருங்கித் தெரியும். தெரிந்தே செய்தால் அது ஒரு வித்தை, தெரியாமல் செய்தால் பிழை.

4. எடுக்கும் விதம்

கையில் பிடித்து எடுப்பதென்றால்: கால்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். உடல் எடையை இடக்காலில் போட்டு ஒரு படம், பிறகு வலக்காலுக்கு மாற்றி இன்னொரு படம். இடுப்பும் தோளும் சேர்ந்து நகர வேண்டும். கையை மட்டும் நீட்டினால் கேமரா சாயும். எப்போதும் முதலில் இடம், பிறகு வலம். இந்தப் பழக்கம் ஒன்று பிறகு எவ்வளவோ குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

பெரிய பொறி ஒன்று இங்கே காத்திருக்கிறது. இரண்டு படத்திலும் பொருளை நடுவில் வைக்கத் தோன்றும். அப்படி வைத்தால் கேமரா உள்நோக்கித் திரும்பிவிடும். ஒரு படத்தில் இட ஓரம் உயரமாகவும் மற்றதில் வல ஓரம் உயரமாகவும் நீண்டு, மூலைகளில் மேல்–கீழ் விலகல் வரும். கேமராவைத் திருப்பக் கூடாது, நகர்த்த மட்டுமே வேண்டும். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, மிகத் தூரத்திலுள்ள ஏதாவது ஒன்றை இரண்டு முறையும் ஒரே கோட்டில் வையுங்கள். தூரப் பொருள் அசையாமல், அருகுப் பொருள் இடம் மாறினால் நேராக நகர்ந்திருக்கிறீர்கள்.

அருகில் எடுக்கும்போது கை வேண்டாம். மேசையில் ஒரு நீண்ட அளவுகோலை ஒட்டி, கேமராவையோ போன் நிறுத்திய பெட்டியையோ அதன் விளிம்பை உரசியபடி தள்ளுங்கள். 10 மி.மீ. என்றால் 10 மி.மீ. துல்லியமாகக் கிடைக்கும்.

சட்டத்தைச் சற்றுத் தளர்வாக வையுங்கள். பக்கத்துக்கு 5 சதவீதமாவது பின்னால் வெட்டுப்படும்.

இரண்டோடு நிறுத்தாமல் ஐந்தாறு படங்களாகச் சிறுசிறு தாவலில் எடுங்கள். எந்த இடைவெளி நன்றாக வருகிறதோ அந்த இணையைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம். காற்றில் ஆடும் இலை, அலை, நடப்பவர் ஆகியவை ஒற்றைக் கேமராவுக்குச் சரிவராது. இரு படத்துக்கும் இடையே அசைந்த எதுவும் தன் உண்மையான ஆழத்தில் நிற்காது.

5. எது இடம், எது வலம்?

கணினிக்கு ஏற்றிய உடனேயே கோப்புப் பெயரின் முடிவில் ‘இ’, ‘வ’ என்று சேருங்கள். மறந்துபோனால் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பின்னணியோடு ஒப்பிட, எந்தப் படத்தில் அருகுப் பொருள் இடப்பக்கமாக நகர்ந்திருக்கிறதோ அதுதான் வலக்கண் படம். உங்கள் விரலை முகத்துக்கு முன் நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள், புரிந்துவிடும்.

வெளிச்சம், மாறுபாடு போன்ற திருத்தங்களை இப்போதே, இரண்டு படத்துக்கும் ஒரே அளவில் செய்துவிடுங்கள். இணைத்த பிறகு செய்தால் வடிகட்டிக்காகப் பிரித்து வைத்த சேனல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

6. பொருத்துதல்

விண்டோஸ் கணினி இருந்தால் ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைத் தானாகவே செய்யும். இணையைத் திறந்து ஆட்டோ அலைன்மென்ட் கொடுத்தால் போதும். கையால் செய்வதானால் லேயர் (படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்) வசதியுள்ள எந்த மென்பொருளும் (கிம்ப், ஃபோட்டோஷாப்) சரி. வலப்படம் கீழே, இடப்படம் மேலே. மேல் லேயரின் கலப்பு முறையை டிஃபரன்ஸ் ஆக்குங்கள். ஒன்றின் மீது ஒன்று சரியாக விழுந்த இடம் கறுப்பாகும்.

என்ன பிழை என்பதை ஓரங்களே சொல்லிவிடும். இட ஓரத்தில் ஒரு புள்ளி, வல ஓரத்தில் ஒரு புள்ளி எடுத்து, இரண்டு படத்திலும் அவற்றின் உயரத்தை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு ஏறியோ இறங்கியோ இருந்தால் மேல்–கீழ் நகர்த்தல் போதும். ஒன்று ஏறி மற்றது இறங்கியிருந்தால் சாய்வு. லேயரைச் சுழற்ற வேண்டும். மேல் ஓரப் புள்ளிகள் மேலேயும் கீழ் ஓரப் புள்ளிகள் கீழேயும் விலகியிருந்தால், நீங்கள் நகரும்போது முன்னே சாய்ந்துவிட்டீர்கள்; அளவைச் சற்று மாற்ற வேண்டும்.

சுழற்சி, அளவு, மேல்–கீழ் என்ற வரிசையில் போங்கள். சுழற்றினாலும் அளவை மாற்றினாலும் உயரங்கள் மாறும். உயரத்தை முதலில் சரிசெய்தவர் திரும்பவும் அதையே செய்ய வேண்டியிருக்கும்.

1920 பிக்சல் அகலப் படத்தில் மேல்–கீழ் விலகல் 2 பிக்சலைத் தாண்ட வேண்டாம். கண்கள் பக்கவாட்டில் இணைந்து திரும்பப் பழகியவை. ஒன்று மேலும் ஒன்று கீழும் பார்க்க அவற்றுக்கு வராது.

7. சாளரத்தை அமைத்தல்

பட விளிம்பை ஒரு ஜன்னல் சட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளின் இட, வலப் படங்கள் சரியாக ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றனவோ, அது ஜன்னல் தளத்தில் நிற்கும். இடப்படத்தை இடப்பக்கம் தள்ளினால் காட்சி முழுவதும் ஜன்னலுக்குப் பின்னே போகும். வலப்பக்கம் தள்ளினால் முன்னே வரும். இந்த நகர்த்தல் பக்கவாட்டில் மட்டும். மேல்–கீழை மறுபடி தொடாதீர்கள்.

பாதுகாப்பான அமைப்பு: மிக அருகான பொருள் ஜன்னல் தளத்தில், மற்றதெல்லாம் பின்னால். முன்னே துருத்திவர ஒரு பொருளுக்கு அனுமதி கொடுத்தால் அது முழுதாகச் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஓரத்தால் வெட்டுப்பட்ட தோளோ கிளையோ ஜன்னலுக்கு முன்னே வந்தால், ‘முன்னால் இருப்பதைப் பின்னால் இருக்கும் சட்டம் எப்படி மறைக்கும்?’ என்று மூளை குழம்பும். ஆழம் முழுதும் அந்த இடத்தில் சரிந்துவிடும்.

இப்போது மிகத் தூரப் பொருளின் இரண்டு உருவங்களுக்கும் இடையே உள்ள விலகலை அளந்து பாருங்கள். பட அகலத்தில் 30இல் ஒரு பங்குக்குள், அதாவது 1920 பிக்சலுக்கு 64க்குள், இருக்க வேண்டும். கூடினால் ஐந்தாறு படங்களில் நெருக்கமான வேறு இணையை எடுங்கள். தள்ளிச் சரிசெய்யப் பார்ப்பது வீண். தள்ளுவதால் காட்சி முன்பின் போகுமே தவிர, மொத்த ஆழம் மாறாது.

ப்ரொஜெக்டர் வழியே பெரிய திரையில் காட்டப் போகிறீர்கள் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. பின்னணியின் விலகல் திரையில் 65 மி.மீ.யைத் தாண்டினால் கண்கள் வெளிநோக்கி விரிய வேண்டிவரும். இரண்டு மீட்டர் அகலத் திரையில் 30இல் ஒரு பங்கு ஏறக்குறைய இந்த எல்லையிலேயே நிற்கிறது. நான்கு மீட்டர் திரைக்கு அதில் பாதிதான் அனுமதி.

அமைத்து முடித்ததும், இரண்டு படமும் இருக்கும் பகுதிக்கு மட்டும் வெட்டுங்கள். வெட்டிய இணையைத் தனியாகச் சேமித்து வையுங்கள். நிறம் பிடிக்காவிட்டால் இங்கிருந்து தொடங்கலாம்.

8. வண்ணம் கலத்தல்

எந்த லேயர் மென்பொருளிலும் நடக்கும் வழி:

இடப்படத்தின் மேல் முழுச் சிவப்பு நிரப்பிய லேயரை மல்டிப்ளை முறையில் வைத்து இரண்டையும் ஒன்றாக்குங்கள். வலப்படத்தின் மேல் முழுச் சியான் லேயரை அதேபோல் வைத்து ஒன்றாக்குங்கள். பிறகு சிவப்பான இடப்படத்தை மேலே வைத்து, அதன் முறையை ஸ்கிரீன் ஆக்குங்கள். முடிந்தது. இரண்டு லேயரிலும் பொதுச் சேனல் எதுவும் இல்லாததால் ஒன்று மற்றதைக் கெடுக்காது. நிரப்பும் நிறம் துல்லியமாக 255, 0, 0 ஆகவும் 0, 255, 255 ஆகவும் இருக்கட்டும். கண்ணளவில் ‘சிவப்புபோல’ ஒன்றைத் தேர்ந்தால் சேனல்கள் கசியும்.

ஃபோட்டோஷாப்பில் இன்னும் சுருக்கம்: இடப்பட லேயரின் பிளெண்டிங் ஆப்ஷன்ஸில் பச்சை, நீலச் சேனல்களின் குறியை எடுத்துவிட்டால் போதும்.

கண்ணாடி போடாமலே ஒரு சரிபார்ப்பு: ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் கருநிறப் பொருள் வெளிச்சப் பின்னணியில் நின்றால், அதன் இட விளிம்பில் சியானும் வல விளிம்பில் சிவப்பும் தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால், ஒன்று படங்கள் இடம் மாறியிருக்கின்றன, இல்லையென்றால் பொருள் முன்னே துருத்துகிறது.

9. நிறங்கள் கண்ணுக்குள் மோதினால்

சிவப்புச் சட்டை, சிவப்புப் பூ என்றால் அந்த இடம் மினுமினுத்து நிலையில்லாமல் தெரியும். கணக்குப் போட்டால் காரணம் புரியும். முழுச் சிவப்பு இடக்கண்ணுக்கு 255 வெளிச்சம், வலக்கண்ணுக்கு 0. ஒரே பொருளைப் பற்றி இரு கண்களும் எதிரெதிர்ச் செய்தி சொல்கின்றன.

முதல் மருந்து: சிவப்பு லேயரைப் போடும் முன் இடப்படத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாக்குங்கள். இதை அரைவண்ண முறை என்பார்கள். இப்போது இடக்கண்ணுக்கு 76 அளவில், வலக்கண்ணுக்கு இன்னும் 0. சண்டை தணிகிறது, தீரவில்லை. பெரும்பாலான படங்களுக்கு இதுவே போதும். எடுத்த எடுப்பில் இதையே பழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

அதுவும் போதாவிட்டால் வலப்படத்தில் சிவப்பு நிறங்களின் செறிவை மட்டும் பாதியாக்குங்கள். வலக்கண்ணுக்கும் கொஞ்சம் வெளிச்சம் போய்ச் சேரும்.

மூன்றாவது வழி, சிவப்புச் சேனலை இடப்படத்தின் பச்சையில் 70 சதவீதமும் நீலத்தில் 30 சதவீதமும் சேர்த்து உருவாக்குவது. சேனல் மிக்ஸரில் செய்யலாம். முழுச் சிவப்பு இரு கண்ணுக்கும் 0 ஆகிவிடுவதால் மோதல் அறவே இல்லை. விலை என்னவென்றால், சிவப்பே படத்தில் இருக்காது, கறுத்துவிடும். இதனால் இடக்கண் படம் மங்கினால் சிவப்புச் சேனலின் காமாவை (நடுத்தர வெளிச்சத்தைக் கூட்டும் அமைப்பு) 1.2 முதல் 1.5 வரை உயர்த்துங்கள்.

இவை எதுவும் உதவாத படத்தை முழுக் கறுப்பு வெள்ளையில் செய்யுங்கள். ஆழம் மிகத் தெளிவாகத் தெரிவது அதில்தான். வண்ணத்தை விட மனமில்லாமல் கெடுத்த அனாகிளிஃப்கள் ஏராளம்.

10. இரட்டை நிழல்

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, வானத்துக்கு எதிரே மரக்கிளை போன்ற இடங்களில் உருவத்தின் பக்கத்தில் வெளிறிய இன்னொரு உருவம் தெரியும். முதல் படியில் பார்த்த கசிவுதான் இது. கசிவின் அளவை மாற்ற முடியாது, அது கண்ணில் படும் அளவை மாற்றலாம். மாறுபாட்டைக் குறையுங்கள், முழுக் கறுப்பைச் சற்றுச் சாம்பலுக்கு உயர்த்துங்கள், அந்தப் பொருளை ஜன்னல் தளத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். விலகல் குறைந்தால் நிழல் உருவத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும்.

11. சேமித்தல், அனுப்புதல், அச்சு

திரையில் அருமையாக இருந்த படம் சேமித்ததும் கெட்டால் குற்றவாளி பெரும்பாலும் ஜேபெக் சுருக்கம். இடத்தை மிச்சப்படுத்த அது நிறத் தகவலைப் பக்கத்துப் பிக்சல்களுக்குப் பொதுவாக்குகிறது. சாதாரணப் படத்தில் கண்ணுக்குத் தெரியாது. நமக்கோ நிறம்தான் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் பிரிக்கும் சுவர். சுவர் இடிந்தால் இரண்டும் கலக்கும். பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக்தான் வேண்டுமென்றால் சப்சாம்ப்ளிங் என்ற இடத்தில் 4:4:4 தேர்ந்து, தரத்தை 90க்கு மேல் வையுங்கள். செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால் அவை திரும்பவும் சுருக்கும். கோப்பாக, டாக்குமென்ட் வழியில் அனுப்புங்கள்.

அச்சில் மை நிறமும் கண்ணாடியின் நிறமும் திரை அளவுக்குப் பொருந்துவதில்லை, நிழல் கூடும். முழுப் படத்தை அச்சடிக்கும் முன், முதல் படியின் இரண்டு சதுரங்களையும் படத்தின் ஒரு மூலையையும் அதே தாளில் அச்சடித்துப் பாருங்கள். கண்ணாடி வெளிச்சத்தை நிறையத் தின்றுவிடுவதால் படத்தைக் கொஞ்சம் வெளிறலாகவே அச்சுக்குக் கொடுங்கள், நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அச்சின் ஓரத்தில் ‘இடக்கண் சிவப்பு’ என்று எழுதிவிடுங்கள். அட்டைக் கண்ணாடியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்பவர் நிச்சயம் ஒருவராவது வருவார்.